"வாங்குற ஆள் எங்கே, தம்பி?" – புதுக் கம்பெனி முதலாளிகளை 3 மாதத்தில் உருட்டி எடுக்கும் 'ஆக்சிலரேட்டர்' பள்ளிக்கூடம்!

புதுச்சேரி:

ஸ்கூட்டரில் இருக்கிற ஆக்சிலரேட்டர் எல்லோருக்கும் தெரியும். முறுக்கினால் வண்டி பறக்கும். புதிதாகத் தொடங்கிய கம்பெனியை முறுக்கிப் பறக்க விடுவதற்கும் 'ஆக்சிலரேட்டர்' என்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது.

இது மெஷின் அல்ல. ஒரு மாதிரியான பள்ளிக்கூடம். சேர்ந்தால் சுமார் 3 மாதம். பரீட்சை கிடையாது. ஆனால் வாராவாரம் கேள்வி உண்டு. பீஸ் கட்ட வேண்டாம். பல இடங்களில் அவர்களே பணம் தருகிறார்கள். பதிலுக்கு, கம்பெனியில் ஒரு சின்னப் பங்கு கேட்கிறார்கள்.

"பணம் கொடுத்துப் பாடமும் சொல்லிக் கொடுக்கிறவன் உலகத்தில் உண்டா?" என்று கேட்கத் தோன்றும். உண்டு. சும்மா அல்ல. அந்தக் கணக்கைப் பிறகு பார்ப்போம்.

முதலில், இது நமக்கு எதற்கு?

அப்பாவுக்கு மில்லில் வேலை, மகனுக்கும் மில்லில் வேலை என்று இருந்த ஊர் புதுவை. முதலியார்பேட்டை ஏ.எப்.டி. மில் 1898-இல் தொடங்கியது. 2020-இல் ஒரேயடியாக மூடப்பட்டது. இப்போது பிள்ளைகள் படிப்பை முடித்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறார்கள்.

ஏறாத சிலர், "நானே ஒரு கம்பெனி தொடங்கப் போறேன்" என்று சோற்றில் கை வைத்தபடி வீட்டில் குண்டு போடுகிறார்கள்! அப்புறம் என்ன? அம்மாவின் கழுத்துச் செயின் அடகுக் கடைக்குப் போகிறது. அப்பாவின் பி.எப். பணம் கரைகிறது. 2 வருஷம் கழித்து, "யாரும் வாங்கலைப்பா" என்று பையன் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான்.

அந்த 2 வருஷத்தை 3 மாதமாகச் சுருக்க முடியுமா என்பதுதான் விஷயம்.

ஜிப்மர் பெட்டியும் கோழிக்குஞ்சும்

இதற்கு அண்ணன் ஒருவர் உண்டு. பெயர் 'இன்குபேட்டர்'. ஜிப்மர் ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தையை வைக்கிறார்களே, அதே பெயர்தான். ஆனால் கம்பெனி இன்குபேட்டருக்கு இந்தப் பெயர் வந்தது குழந்தையால் அல்ல, கோழியால்!

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் பட்டாவியா என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருந்த மாஸி-ஹாரிஸ் விவசாய எந்திரத் தொழிற்சாலை மூடப்பட்டது. நம்ம மில் கதைதான். அந்தப் பெரிய கட்டிடத்தை மன்குசோ என்ற குடும்பம் வாங்கியது. முழுசாக வாடகைக்கு எடுக்க ஆள் இல்லை. சரி என்று 1959-இல் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து, சிறு தொழில் செய்பவர்களுக்கு விட்டார்கள். ஆபீஸ் வசதி, யோசனை எல்லாம் பொதுவில்.

வாடகைக்கு வந்தவர்களில் ஒருவர் கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணைக்காரர். கட்டிடத்துக்குள் ஆயிரக்கணக்கான குஞ்சுகள்! அதைப் பார்த்து ஜோசப் மன்குசோ விளையாட்டாகச் சொன்ன பெயர்தான் 'இன்குபேட்டர்'. உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது.

நம் பக்கத்திலும் இது புதுசு அல்ல. திருச்சி ரீஜினல் என்ஜினீயரிங் காலேஜில் 1986-லேயே 'ஸ்டெப்' என்ற தொழில் முனைவோர் பூங்கா வந்துவிட்டது. இன்று ரோட்டில் ஓடுகிற ஏத்தர் மின்சார ஸ்கூட்டர் சென்னை ஐ.ஐ.டி.யில் அடைகாக்கப்பட்டதுதான். 2024 மே 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து சொந்தமாக ராக்கெட் விட்ட அக்னிகுல் கம்பெனியும் அங்கே பொரித்த குஞ்சுதான்.

புதுவையிலும் இருக்கிறது. பிள்ளைச்சாவடியில் முன்பு என்ஜினீயரிங் காலேஜாக இருந்து, 2020-இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக மாறியதே, அந்த வளாகத்தில் 'அடல் இன்குபேஷன் சென்டர்' நடக்கிறது. மத்திய அரசின் நிதி ஆயோக் கீழ் வரும் அடல் புத்தாக்கத் திட்டத்தில் அமைந்தது. அந்தத் திட்டத்தில் இப்படி ஒரு மையத்துக்கு 5 ஆண்டுகளில் 10 கோடி ரூபாய் வரை உதவி என்று விதி.

இன்குபேட்டருக்கும் ஆக்சிலரேட்டருக்கும் என்ன வித்தியாசம்? இன்குபேட்டர் பொறுமையானது. இடம் கொடுக்கும், லேப் கொடுக்கும், வருஷக் கணக்கில் உட்கார விடும். ஆக்சிலரேட்டர் அப்படி அல்ல. குறித்த நாளில் ஒரு கும்பலாகச் சேர்ப்பார்கள். குறித்த நாளில் வெளியே அனுப்புவார்கள். கடைசி நாளில் பணக்காரர்கள் முன்னால் மேடை ஏற்றி, "உன் கம்பெனியைப் பற்றிச் சில நிமிஷத்தில் சொல்லு" என்பார்கள். இப்போது பல இன்குபேட்டர்கள் இரண்டையும் சேர்த்தே நடத்துகின்றன. பெயர்ப் பலகையைப் பார்த்து ஏமாறாமல், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பது நல்லது.

ரயிலில் வந்த போன்

ஆக்சிலரேட்டர் என்றாலே சொல்லப்படும் பெயர் 'ஒய் காம்பினேட்டர்'. பால் கிரகாம், ஜெசிகா லிவிங்ஸ்டன் உள்ளிட்ட 4 பேர் 2005-இல் அமெரிக்காவில் தொடங்கினார்கள். முதல் வகுப்பில் 8 கம்பெனி மட்டுமே. வாரம் ஒரு நாள் ராத்திரி எல்லோருக்கும் சேர்த்துச் சாப்பாடு. கிரகாமே சமைத்துப் போட்டார்!

அந்த முதல் வகுப்புக்கு ஸ்டீவ் ஹப்மன், அலெக்சிஸ் ஒஹானியன் என்று 2 வாலிபர்கள் வந்தார்கள். செல்போனிலேயே ஓட்டல் சாப்பாட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் திட்டம் அவர்களுடையது. இன்று தெருவுக்குத் தெரு நடப்பதுதான். ஆனால் 2005-இல் அந்த மாதிரி போனே கிடையாது. "வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை 2 பேரும் தொங்கிய முகத்தோடு ஊருக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது. கிரகாம்! "உங்கள் திட்டம் பிடிக்கவில்லை. உங்களைப் பிடித்திருக்கிறது. வேறு ஏதாவது செய்வதானால் வாருங்கள்" என்கிற மாதிரி சொன்னார். வழியில் இறங்கி, ரயில் மாறித் திரும்பினார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் 'ரெட்டிட்' என்ற இணையதளம். அடுத்த ஆண்டே பெரிய பத்திரிகைக் கம்பெனி ஒன்று அதை விலைக்கு வாங்கியது.

வீட்டில் யாராவது, "உன் திட்டம் சரியில்லை, ஆனா நீ கெட்டிக்காரன்" என்று சொல்வார்களா? திட்டம் சரியில்லை என்றால் பையனே சரியில்லை என்று ஆகிவிடும்! இரண்டையும் பிரித்துப் பார்க்க வெளி ஆள் வேண்டியிருக்கிறது.

40 டாலருக்கு ஒரு பலகாரப் பெட்டி

இன்னொரு கதை நம்ம ஊருக்கு நேரடியாகச் சொந்தம். ஓய்ட் டவுன் பக்கம் எத்தனையோ வீடுகளில் மாடி அறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்களே, அதைப் போனில் பிடித்துக் கொடுக்கும் 'ஏர்பிஎன்பி' கம்பெனியின் கதை.

சான்பிரான்சிஸ்கோவில் பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்று 2 பேர். 2007-இல் வீட்டு வாடகை கட்டப் பணம் இல்லை. ஊரில் ஒரு மாநாடு. ஓட்டல் எல்லாம் நிரம்பி வழிந்தது. காற்றடிக்கும் மெத்தையை ஹாலில் போட்டு, 3 பேரைத் தங்க வைத்து ஆளுக்கு 80 டாலர் வாங்கினார்கள். அதையே தொழிலாக்கினார்கள். அப்புறம் நேதன் பிளெசார்சிக் என்பவரும் சேர்ந்தார்.

தொழில் படுத்துக்கொண்டது. கிரெடிட் கார்டு கடன் ஏறியது. 2008-இல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தல். உடனே ஒபாமா பெயரில் ஒன்று, மெக்கெயின் பெயரில் ஒன்று என்று காலை உணவுப் பெட்டி தயாரித்து, ஒன்று 40 டாலர் என்று விற்றார்கள்! சுமார் 30 ஆயிரம் டாலர் கிடைத்தது.

2009 தொடக்கத்தில் ஒய் காம்பினேட்டரில் சேர்ந்தார்கள். முன்பின் தெரியாதவனை வீட்டில் படுக்க வைக்கும் யோசனை கிரகாமுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அந்தப் பெட்டி வியாபாரத்தைக் கேட்ட பிறகுதான், இவர்கள் எதையும் விற்பார்கள் என்று இடம் கொடுத்தார். கிடைத்த பணம் 20 ஆயிரம் டாலர்.

ஆனால் கதையைத் திருப்பியது அந்தப் பணம் அல்ல. ஒரு கேள்வி.

"உங்கள் வாடிக்கையாளர்கள் எங்கே இருக்கிறார்கள்?" என்றார் கிரகாம்.

"நியூயார்க்கில்."

"அப்புறம் இங்கே உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள்?"

அவ்வளவுதான்! வாராவாரம் நியூயார்க்குக்குப் பறந்தார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். அறைகளின் போட்டோ மங்கலாக, அழுது வடிவது அப்போதுதான் கண்ணில் பட்டது. கேமராவை வாடகைக்கு எடுத்துத் தாங்களே நல்ல படம் பிடித்துப் போட்டார்கள். வாரம் 200 டாலராகக் கிடந்த வருமானம் ஒரே வாரத்தில் 400 ஆனது. அந்த வசந்த காலத்திலேயே 6 லட்சம் டாலர் முதலீடு வந்தது. 2020 டிசம்பரில் பங்குச் சந்தைக்கே போய்விட்டது.

நேரு வீதி கடைக்காரர் யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார். "வாங்குறவன் இருக்கிற இடத்துல கடை போடணும். இதுக்கு அமெரிக்காவா போகணும்?" என்பார். நியாயம்தான். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பையனுக்கு அது தெரிவதில்லை. கடைக்காரருக்கு வாடிக்கையாளர் கண் எதிரே நிற்கிறார், பையனுக்கு நிற்கவில்லை.

அக்கா வீட்டுக்காரர் மீன் விற்கிறாரா?

உள்ளே எப்படிக் கேட்பார்கள்? கற்பனையாக ஒன்று பார்ப்போம். லாஸ்பேட்டை பையன்கள் 2 பேர், மீன் ஐஸ் பெட்டிக்குள் குளிர் எவ்வளவு என்று போனில் காட்டும் கருவி செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிரே, தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட பெரியவர்.

"என்ன விலை தம்பி?"

"2 ஆயிரம் சார்."

"எத்தனை பேர் வாங்கினாங்க?"

"இன்னும் விக்க ஆரம்பிக்கலை சார். ஆனா எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னாங்க."

"யாரு அந்த எல்லாரும்?"

"பிரெண்ட்ஸ் சார்... எங்க அக்கா வீட்டுக்காரர்..."

"அக்கா வீட்டுக்காரர் மீன் விக்கிறாரா?"

பதில் இல்லை.

"நாளைக்கு விடியற்காலை தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போங்க. 20 பேரைப் பாருங்க. வெள்ளிக்கிழமை வந்து சொல்லுங்க."

போகிறார்கள். கூடை வைத்திருக்கும் அம்மா சிரிக்கிறார். "ஐஸ் கரையுதான்னு கைய வெச்சா தெரியாதா கண்ணு? இதுக்கு 2 ஆயிரமா?" ஆனால் லாரி லாரியாக வெளியூருக்கு மீன் அனுப்புகிறவர் நின்று கேட்கிறார். சரக்கு வழியில் கெட்டால் யார் பொறுப்பு என்று டிரைவரோடு அவருக்கு வாரா வாரம் சண்டை. "லாரிக்கு மாட்டலாமா?" என்கிறார்.

வெள்ளிக்கிழமை திரும்பும்போது கருவி அதேதான். ஆனால் வாங்குகிற ஆள் மாறிவிட்டார்! விலையும் மாறும். இதைத் தானாகக் கண்டுபிடிக்க 1 வருஷம் ஆகியிருக்கும். கண்டுபிடிக்காமலே போயிருக்கவும் கூடும்.

பக்கத்து பெஞ்சும் முக்கியம். தனியாகத் தொழில் செய்கிறவனுக்கு, ராத்திரி 11 மணிக்குப் பேச ஆள் கிடையாது. இங்கே அதே கஷ்டத்தில் இன்னும் 10 பேர். ஒருவனுக்கு ஜி.எஸ்.டி. தெரியும், ஒருவனுக்கு வக்கீல் தெரியும், ஒருவன் போன வாரம்தான் அதே பேங்க் மேனேஜரிடம் திட்டு வாங்கியிருப்பான்.

பணமா, பாடமா?

கதை இருக்கட்டும், கணக்கு இருக்கிறதா? இருக்கிறது.

தென் அமெரிக்காவில் சிலி நாட்டு அரசு 2010-இல் 'ஸ்டார்ட்-அப் சிலி' என்று தொடங்கியது. உலகத்தில் எங்கிருந்து வந்தாலும் சுமார் 40 ஆயிரம் டாலர். பங்கு கேட்கவில்லை. உட்கார இடமும் இலவசம். அப்படி வந்தவர்களில் சிலரை மட்டும் பொறுக்கி எடுத்துத் தனிப் பயிற்சியும் கொடுத்தார்கள். இலக்கு வைத்து, கூப்பிட்டுக் கேட்டு, முடுக்குகிற பயிற்சி.

இதை ஹுவானிடா கொன்சாலஸ்-உரிபே, மைக்கேல் லெதர்பீ என்ற 2 ஆராய்ச்சியாளர்கள் அலசி 2018-இல் வெளியிட்டார்கள். பணமும் இடமும் மட்டும் பெற்றவர்களுக்கு அதனால் முன்னேற்றம் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை! பணத்தோடு பயிற்சியும் பெற்றவர்கள்தான் முதலீடு திரட்டுவதிலும் வளர்வதிலும் முந்தினார்கள்.

நம்ம ஊரில் முதல் கேள்வியே, "எவ்வளவு மானியம் தருவாங்க?" என்பதுதான். சிலிக்காரன் கணக்கைப் பார்த்தால், முதல் கேள்வி, "யார் சொல்லிக் கொடுப்பாங்க? வாரத்துக்கு எத்தனை தடவை?" என்று இருக்க வேண்டும்.

இன்னொரு ஆச்சரியம். அமெரிக்காவில் சாண்டி யூ என்ற பேராசிரியை 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆக்சிலரேட்டருக்குப் போன கம்பெனிகள், போகாத அதே மாதிரி கம்பெனிகளைவிட அதிகமாகவும் சீக்கிரமாகவும் இழுத்து மூடப்பட்டன!

அப்படியானால் தோல்விதானே? இல்லை. மூடிய கம்பெனிகளை எடுத்துக்கொண்டால், ஆக்சிலரேட்டர்காரர்கள் குறைந்த முதலீட்டிலேயே மூடியிருக்கிறார்கள். தேறாது என்பது முன்கூட்டியே தெரிந்து, அடுத்தவர் பணம் பெரிசாகக் கரையும் முன்னே ஷட்டரை இறக்கிவிட்டார்கள். வியாபாரம் செய்பவர்களுக்கு இது புரியும். நஷ்டக் கடையை 6-வது மாதம் மூடியவர் வேறு கடை போடுகிறார். 6-வது வருஷம் மூடியவர் வீட்டை விற்கிறார். அடகுக் கடைக்குப் போன அந்தச் செயினுக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம்.

100 இட்லியில் 7

இப்போது அந்தப் பங்குக் கணக்கு. ஒய் காம்பினேட்டரின் 2022 கணக்குப்படி ஒரு கம்பெனிக்கு 5 லட்சம் டாலர். நம்ம பணத்தில் 4 கோடிக்கு மேல். இதில் 1 லட்சத்து 25 ஆயிரம் டாலருக்கு 7 சதவீதப் பங்கு. மீதிக்கு எவ்வளவு பங்கு என்பது அடுத்த முதலீட்டாளர் வரும்போது முடிவாகும். நம்ம நாட்டில் இருந்து ரேசர்பே, மீஷோ, செப்டோ எல்லாம் அங்கே போய் வந்தவைதான். விண்ணப்பிக்கிற 100 பேரில் 1 அல்லது 2 பேருக்குத்தான் இடம்.

தமிழ்நாடு அரசின் 'டான்சீடு' திட்டம் 10 லட்சம் ரூபாய், 3 சதவீதப் பங்கு என்ற கணக்கில் தொடங்கியது. மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த ஸ்டார்ட்-அப் விதை நிதித் திட்டத்தில், இன்குபேட்டர் மூலமாக 20 லட்சம் ரூபாய் வரை மானியமும், 50 லட்சம் வரை முதலீடாகவும் என்று வைத்தார்கள்.

100 இட்லியில் 7 போனால் என்ன என்று தோன்றும். ஒருவருக்குக் கொடுத்தால் ஒன்றும் இல்லை. ஆளுக்கு 7 என்று 3 இடத்தில் கொடுத்துவிட்டு வந்தால், பெரிய முதலீட்டாளர் கணக்கைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குவார். உழைக்கிறவன் தட்டில் இட்லி குறைந்துவிட்டது என்பார்.

"நாங்கள் உங்களை வளர்த்து விடுகிறோம், முதலில் இவ்வளவு கட்டுங்கள்" என்று கேட்கிற இடமும் உண்டு. அங்கே கொஞ்சம் நிதானம் தேவை. அங்கே படித்துப் போன 3 பேரின் பெயரை வாங்கி, அவர்களுக்கே போன் போட்டுப் பேசுவது உத்தமம். நல்ல இடம் என்றால் கேட்டதும் கொடுத்துவிடுவார்கள்.

எல்லாத் தொழிலுக்கும் இது தேவையும் இல்லை. பேக்கரி போடுகிறவருக்கு, மிஷன் வீதியில் ஜவுளிக் கடை வைப்பவருக்கு, இதனால் பெரிய லாபம் இல்லை. அவர்களுக்கு பேங்க் கடன் போதும். சீக்கிரம் பல ஊருக்குப் பரவக்கூடிய தொழிலுக்குத்தான் இந்த முறுக்கல். நம்ம ஊர் தோல் பை கம்பெனி 'ஹைடிசைன்' 1978-இல் பொழுதுபோக்குப் பட்டறையாகத் தொடங்கி உலகம் முழுக்கப் போனது. அப்போது ஆக்சிலரேட்டரும் இல்லை, ஒன்றும் இல்லை! ஆனால் திலீப் கபூர் நிதானமாக வளர முடிந்தது. இன்றைக்கு போனில் நடக்கிற தொழிலில், 6 மாதம் அசந்தால் அதையே இன்னொருவன் செய்துவிடுகிறான்.

போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

பெரிய பைல் வேண்டாம். பளபளப்பான படமும் வேண்டாம். செய்த பொருள் அரைகுறையாக இருந்தாலும் ஒன்று கையில் இருக்கட்டும். கூட்டாளி இருந்தால் அவரையும் அழைத்துப் போக வேண்டும். யாருக்கு எத்தனை பங்கு என்று முன்னமே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். சிநேகிதத்தில் விட்டது கோர்ட்டில் போய் நிற்கும். கம்பெனியைப் பதிவு செய்த காகிதம், ஸ்டார்ட்-அப் இந்தியாவில் பெற்ற அங்கீகாரம் இருந்தால் மத்திய அரசுத் திட்டங்களுக்கு வழி சுலபம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நோட்டு. யார் யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள், வாங்கினார்களா இல்லையா, இல்லை என்றால் ஏன் என்று தேதி போட்டு எழுதிய நோட்டு. 20 பக்கம் நிரம்பியிருந்தால் பேட்டியில் பாதி வேலை முடிந்த மாதிரி.

புதுவைக்காரர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் பெரிசு இல்லை. காலாப்பட்டு பஸ்ஸில் ஏறி, பிள்ளைச்சாவடியில் இறங்கினால் போதும்.